பெர்னார்டு சாக்ஸ்

பெர்னார்டு சாக்ஸ் (ஜனவரி 2, 1858 – பெப்ரவரி 8, 1944) ஓர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர். குழந்தைகளின் மூளை நரம்பணுக்களைச் சிதைத்து, சில ஆண்டுகளுக்குள் உயிரைப் பறிக்கும் அரிய பரம்பரை நோயொன்றை மருத்துவ நோக்கிலும், உருப்பெருக்கியின் வழியாகவும் முதன்முதலில் விரிவாக விவரித்தவர் இவரே. அந்நோய் இவருடைய பெயராலும், அதன் கண் அறிகுறியை இவருக்கு முன்பே கண்ட ஆங்கிலேய மருத்துவர் வாரன் டேயின் பெயராலும் டே-சாக்ஸ் நோய் என்று அழைக்கப்படுகிறது. கொழுமியம் (லிப்பிட்) எனப்படும் கொழுப்பு சார்ந்த பொருட்கள் உயிரணுக்களில் தேங்குவதால் உண்டாகும் நோய்களுள் இது பரவலாக அறியப்பட்ட ஒன்று. அமெரிக்காவில் குழந்தை நரம்பியல் ஒரு தனித் துறையாக உருவாக வழிவகுத்தவர்களுள் ஒருவராகவும் சாக்ஸ் மதிக்கப்படுகிறார்.

குடும்பமும் இளமையும்

சாக்ஸ் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பால்டிமோர் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜோசப் சாக்ஸ், சோபியா பேயர் ஆகியோர் செருமனியின் பவேரியாவிலிருந்து குடியேறிய யூதர்கள். தந்தை ஆசிரியராகத் தொழில் புரிந்தவர். பின்னர் குடும்பம் நியூயார்க் நகரில் நிலைகொண்டது. வீட்டாரும் நண்பர்களும் இவரைப் பார்னி என்றே அழைத்தனர். இவரது மறைவுக்குப் பின் 1949 இல் தனிச்சுற்றுக்காக அச்சிடப்பட்ட தன்வரலாற்று நூலும் அப்பெயரையே தாங்கியுள்ளது.

இவருடைய உடன்பிறந்தோர் வேறு துறைகளில் புகழ் பெற்றனர். அண்ணன் ஜூலியஸ் சாக்ஸ் நியூயார்க்கில் பள்ளி நிறுவிய கல்வியாளர். மற்றோர் அண்ணனான சாமுவேல் சாக்ஸ், தம் மாமனார் மார்க்கஸ் கோல்ட்மனுடன் 1882 இல் தொழிலில் இணைந்தார். அந்நிறுவனமே பின்னாளில் கோல்ட்மன் சாக்ஸ் என்ற பெயரில் உலகறிந்த நிதி நிறுவனமாயிற்று. சாக்ஸ் என்ற பெயரை இன்று கேட்போர் முதலில் நினைப்பது வங்கியையே என்றாலும், மருத்துவ மாணவர்களுக்கு அது வேறொன்றை நினைவூட்டும்.

கல்வி

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1878 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அங்கு உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸிடம் பயின்றது மூளையைப் பற்றிய ஆர்வத்தைத் தூண்டியது. அக்காலத்தில் அமெரிக்க மருத்துவக் கல்வி ஐரோப்பியக் கல்வியின் தரத்தை எட்டியிருக்கவில்லை. எனவே வசதியுள்ள குடும்பத்து இளைஞர்கள் பலரைப் போல இவரும் கடல் கடந்தார். அப்போது செருமானியப் பேரரசின் பகுதியாக இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பயின்று 1882 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நோய்க்கூற்றியலில் பெயர் பெற்ற ரெக்லிங்ஹவுசன், மூளைப்புறணியை நீக்கிய நாய்களைக் கொண்டு ஆய்வு செய்த உடலியங்கியலாளர் கோல்ட்ஸ் ஆகியோர் அங்கு இவருடைய ஆசிரியர்களாக விளங்கினர்.

அதன் பின்னர் வியன்னாவில் தியோடர் மைனெர்ட்டிடமும், பெர்லினில் வெஸ்ட்பாலிடமும், பாரிசில் சார்கோவிடமும், லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சனிடமும் பயிற்சி பெற்றார். இவர்களுள் இவர்மீது ஆழ்ந்த தாக்கம் ஏற்படுத்தியவர் மைனெர்ட். மனநோய்க்கான காரணத்தை மூளைப்புறணியின் உயிரணு அடுக்குகளில் தேட வேண்டும் என்பது மைனெர்ட்டின் கொள்கை. அவருடைய ஆய்வகத்தில் இவருடன் பயின்றவர்களுள் சிக்மண்ட் பிராய்டும் ஒருவர். ஒரே ஆசிரியரிடமிருந்து புறப்பட்ட இவ்விருவரும் பிற்காலத்தில் எதிரெதிர்த் திசைகளில் சென்றனர்.

1884 இல் நியூயார்க் திரும்பிய சாக்ஸ் நரம்பியலைத் தம் சிறப்புத் துறையாக அறிவித்துத் தொழில் தொடங்கினார். மைனெர்ட்டின் மனநோய் மருத்துவ நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1885 இல் வெளியிட்டார். 1886 முதல் 1911 வரை நரம்பு மற்றும் மன நோய்களுக்கான ஆய்விதழொன்றின் ஆசிரியராகப் பணியாற்றினார். 1887 இல் பெட்டினா ஸ்டைனை மணந்தார். இவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

1887 ஆம் ஆண்டின் ஆய்வு

இவர் நியூயார்க்கில் தொழில் தொடங்கிய அதே 1884 இல் பிறந்த ஒரு பெண் குழந்தையே இவருடைய பெயரை மருத்துவ வரலாற்றில் நிலைநிறுத்தியது. நிறைமாதத்தில் பிறந்த அக்குழந்தையின் பெற்றோர் நல்ல உடல்நலம் உள்ளவர்கள். முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரை குறை எதுவும் தென்படவில்லை. பின்னர் குழந்தை சோர்வுற்றது, தன்னைச் சுற்றி நடப்பவற்றைக் கவனிக்கவில்லை, கண்கள் இலக்கின்றி உருண்டன. தலையை நிமிர்த்தவும் உட்காரவும் இயலவில்லை. சிறு ஓசைக்கும் உடல் துணுக்குற்று அதிர்ந்தது. பார்வை படிப்படியாக மங்கி முற்றிலும் அற்றுப்போனது. இரண்டு வயதளவில் குழந்தை இறந்தது.

அக்காலத்தில் இத்தகைய குழந்தைகளை மருத்துவர்கள் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியோர் என்ற பொதுப்பெயரால் ஒதுக்கிவிடுவதே வழக்கம். பிரசவத்தின்போது நேர்ந்த காயம், தாயின் அதிர்ச்சி, பெற்றோரின் ஒழுக்கக்கேடு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. சாக்ஸ் அவ்வாறு ஒதுக்கவில்லை. குழந்தையின் மூளையை ஆய்வுக்குப் பெற்று, வியன்னாவில் கற்ற முறையில் அதைப் பகுத்துப் பார்த்தார்.

வெறுங்கண்ணால் பார்த்தபோதே மூளையின் மடிப்புகள் எளிமையான அமைப்புடன் இருந்தன. பக்கவாட்டிலுள்ள சில்வியப் பிளவு மூடாமல் விரிந்து, உள்ளே மறைந்திருக்க வேண்டிய இன்சுலாப் பகுதி வெளியே தெரிந்தது. ஆனால் முதன்மையான செய்தி உருப்பெருக்கியில் கிடைத்தது. மூளைப்புறணியின் கூம்பு வடிவ நரம்பணுக்கள் தம் கூர்மையான உருவை இழந்து உருண்டு உப்பியிருந்தன. உயிரணுவின் உட்கருவும் அதனுள் உள்ள நுண்கருவும் தெளிவாகத் தெரிந்தபோதிலும், அவற்றைச் சுற்றிலும் சிதைவுக் குப்பை போன்றதொரு பொருள் நிறைந்திருந்தது. பல இடங்களிலிருந்து எடுத்த துண்டுகளைப் பார்த்தும் இயல்பான கூம்பணு ஒன்றைக் காண்பதே அரிதாயிற்று. மூளையின் ஏதோ ஒரு மூலையில் ஏற்பட்ட காயம் அன்று இது. நரம்பணு ஒவ்வொன்றிலும் குறை இருந்தது.

இம்முடிவுகளை 1887 இல் தடைப்பட்ட மூளை வளர்ச்சி என்னும் பொருளிலான தலைப்பில் கட்டுரையாக வெளியிட்டார். தலைப்பே காட்டுவது போல, நரம்பணுக்கள் முதலில் நன்றாக வளர்ந்து பின்பு கெட்டன என்று அவர் எண்ணவில்லை; தொடக்கத்திலிருந்தே அவை முழுமையாக வளரவில்லை என்றே கருதினார். இது பிழையான முடிவு என்பதை இன்று எளிதில் கூறிவிடலாம். ஆனால் முதல் மாதங்களில் குழந்தை நன்றாக இருந்தது என்று அவரே பதிவு செய்திருப்பதால், அம்முடிவை ஐயுறுவதற்கான சான்றும் அதே கட்டுரையிலேயே உள்ளது. கண்டதை மறைக்காமல் எழுதியதே அக்கட்டுரை காலங்கடந்து நிற்பதற்குக் காரணம் எனலாம்.

குடும்ப நோய் என்ற தெளிவு

சில ஆண்டுகளில் அதே குடும்பத்தில் மற்றொரு குழந்தைக்கும் இதே நிலை ஏற்பட்டது. வேறு குடும்பங்களிலும் இத்தகைய குழந்தைகள் கண்டறியப்பட்டனர். 1892 இல் தொடர்ச்சிக் கட்டுரையொன்றை வெளியிட்ட சாக்ஸ், 1896 இல் இதனை இளமையிலேயே பார்வை இழப்புடன் கூடிய, பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் ஒரு குடும்ப நோய் என்று வரையறுத்தார். பார்வை இழப்பு, குடும்பத் தொடர்பு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு ஆகிய மூன்றையும் சேர்த்து அவர் சூட்டிய பெயரில் அறிவுக் குறைபாட்டைக் குறித்த சொல் இன்று இழிவானதாகக் கருதப்படுவதால் அப்பெயர் கைவிடப்பட்டுள்ளது.

முதல் குழந்தையின் கண்களை நியூயார்க்கின் புகழ்பெற்ற கண் மருத்துவர் ஹெர்மன் நாப் பரிசோதித்திருந்தார். விழித்திரையின் நடுவே செர்ரிப் பழம் போன்ற சிவப்புப் புள்ளியும் அதைச் சுற்றி வெண்மையான வளையமும் காணப்பட்டன. இதே தோற்றத்தை லண்டனில் வாரன் டே (1843–1927) ஏற்கெனவே 1881 இல், பன்னிரண்டு மாதக் குழந்தையொன்றின் இரு கண்களிலும் கண்டு, பிரித்தானியக் கண் மருத்துவக் கழகத்தில் விவரித்திருந்தார். அக்குடும்பத்திலேயே மூன்றாவது குழந்தைக்கும் இது வந்ததை டே 1884 இல் அறிவித்தார். எனவே குடும்பத் தொடர்பைக் கண்டதிலும் டேயே முந்தியவர். கண்ணை மட்டும் பார்த்த ஒருவரும், மூளையைப் பார்த்த ஒருவரும் பெருங்கடலின் இரு கரைகளிலிருந்து ஒரே நோயை எழுதிக்கொண்டிருந்தனர் என்பது 1890களில்தான் தெளிவாயிற்று.

சிவப்புப் புள்ளியின் காரணம் எளிமையானது. விழித்திரையிலுள்ள நரம்பணுக்கள் கொழுமியத்தால் உப்பும்போது விழித்திரை தன் தெளிவை இழந்து வெளிறுகிறது. ஆனால் நடுக்குழியில் அவ்வகை நரம்பணுக்கள் இல்லை. ஆகவே அவ்விடத்தில் மட்டும் பின்னாலுள்ள குருதிக்குழாய்ப் படலத்தின் இயல்பான சிவப்பு ஊடுருவித் தெரிகிறது. புள்ளி நோயுற்ற இடம் போலத் தோன்றினும் உண்மையில் அதைச் சுற்றியுள்ள வெண்மையே நோயுற்றது.

சாக்ஸ் தம் முதல் கருத்தைப் பிடிவாதமாகக் காக்கவில்லை. 1903 இல் வெளியான கட்டுரையில் இதனை நடு நரம்பு மண்டலத்தின் சாம்பல்நிறப் பொருளைத் தாக்கும் நோய் என்று விவரித்தார். மூளைப்புறணி மட்டுமன்றி மூளையின் பிற பகுதிகளிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்களும் உப்பியிருப்பதை ஹங்கேரியின் காரோலி ஷாஃபர் உள்ளிட்ட பலர் காட்டியிருந்தனர். 1910 இல் இஸ்ரேல் ஸ்ட்ராஸுடன் இணைந்து நரம்பணு மாற்றங்களைப் பற்றி மேலும் ஓர் ஆய்வை வெளியிட்டார்.

இனம் பற்றிய சிக்கல்

தாம் கண்ட குழந்தைகள் அனைவரும் யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதைச் சாக்ஸ் கவனித்து எழுதினார். அவர் பணியாற்றிய மவுண்ட் சைனாய் மருத்துவமனைக்கு வந்தோரில் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அண்மையில் குடியேறிய ஏழை யூதர்கள் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். அஷ்கெனாசி யூதரிடையே இந்நோய் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் இது யூதர்களுக்கு மட்டுமே உரிய நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்துவிட்டது. பிற இனத்துக் குழந்தைகளுக்கு நோய் வந்தபோது, அது வேறு நோயாக இருக்குமோ என்று மருத்துவர்கள் ஐயுற இவ்வெண்ணம் இடம் தந்தது.

குடியேற்றத்துக்கு எதிரான குரல்கள் வலுத்து வந்த அமெரிக்காவில், ஒரு மக்கள் கூட்டத்தின் குருதியிலேயே குறை உண்டு என்ற பேச்சு வெறும் மருத்துவச் செய்தியாக இருக்கவில்லை. யூதரான சாக்ஸ் இந்த இக்கட்டான நிலையிலேயே தம் ஆய்வுகளை வெளியிட்டார். கனடாவின் கிழக்குக் கியூபெக் பகுதியில் வாழும் பிரெஞ்சு வழியினரிடமும், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கேஜன் மக்களிடமும் இந்நோய் மிகுந்து காணப்படுகிறது என்பது பின்னர் அறியப்பட்டது. சிறிய மக்கள் தொகையிலிருந்து பெருகி, தமக்குள்ளேயே மணம் செய்துகொண்ட எந்தக் கூட்டத்திலும் இவ்வாறு ஒரு மரபணுப் பிறழ்வு பரவ இயலும்.

பிற பணிகள்

1895 இல் சாக்ஸ் வெளியிட்ட குழந்தைகளின் நரம்பு நோய்கள் பற்றிய பெருநூல் அமெரிக்காவில் அத்துறையின் முதல் பாடநூலாகக் கருதப்படுகிறது. 1900 இல் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் நரம்பியலுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பட்டபோது அதன் தலைவரானார். அமெரிக்க நரம்பியல் கழகத்தின் தலைவராக 1894 இலும், மீண்டும் 1932 இலும் இருந்தார். 1931 இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய முதலாவது உலக நரம்பியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1933 இல் நியூயார்க் மருத்துவக் கல்விக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

பிராய்டின் உளப்பகுப்பாய்வை, குறிப்பாக அது குழந்தைகள்மீது பயன்படுத்தப்படுவதை, சாக்ஸ் கடுமையாக எதிர்த்தார். பெற்றோருக்காக 1926 இல் எழுதிய இயல்பான குழந்தை என்னும் பொருள்படும் நூலில், நடைமுறை அறிவும் அன்பும் போதும் என்ற நிலைப்பாட்டை வலியுறுத்தினார். மனக்கோளாறு அனைத்திற்கும் உயிரணுவில் தடயம் இருக்கும் என்ற மைனெர்ட்டின் கொள்கையில் அவர் சற்று மிகையாகவே ஊன்றி நின்றார் என்றும் கூறலாம். ஆனால் அவர் பெயர் தாங்கிய நோயைப் பொருத்தவரை அக்கொள்கை முற்றிலும் சரியாக அமைந்தது.

1944 பெப்ரவரி 8 அன்று தமது 86 ஆம் வயதில் நியூயார்க்கில் காலமானார்.

நோயின் காரணம் அறியப்பட்ட வரலாறு

நரம்பணுவில் தேங்கியிருந்த பொருள் எது என்பது சாக்ஸின் இறுதிக் காலத்தில்தான் வெளிப்படத் தொடங்கியது. செருமனியின் கோல்ன் நகர வேதியியலாளர் எர்ன்ஸ்ட் கிளெங்க், இந்நோயால் இறந்த குழந்தைகளின் மூளையிலிருந்து சர்க்கரை இணைந்த கொழுமியம் ஒன்றைப் பிரித்தெடுத்து, அவ்வகைப் பொருட்களுக்கு 1942 இல் கேங்கிலியோசைடு என்று பெயரிட்டார். அப்போது சாக்ஸுக்கு வயது 84. இரு நாடுகளும் போரில் இருந்தன. தேங்குவது ஜி.எம்.2 என்னும் குறிப்பிட்ட கேங்கிலியோசைடு என்பதை 1962 இல் சுவீடனின் லார்ஸ் ஸ்வென்னர்ஹோம் தெளிவுபடுத்தினார்.

1960 இல் ராபர்ட் டெரி, சால் கோரி ஆகியோர் எலக்ட்ரான் உருப்பெருக்கியில் பார்த்தபோது, சாக்ஸ் சிதைவுக் குப்பை எனக் கண்டது வெங்காயத்தின் அடுக்குகளைப் போல ஒன்றையொன்று சூழ்ந்த படலச் சுருள்களாகத் தெரிந்தது. இவை லைசோசோம்கள் எனப்படும் நுண்பைகளில் அடைந்து கிடக்கும் கொழுமியமே. உயிரணுவில் பயன் முடிந்த பொருட்களைச் சிதைத்து மறுபயனுக்கு அனுப்பும் இடம் லைசோசோம். அங்கு ஜி.எம்.2 இன் முனையிலுள்ள ஒரு சர்க்கரைத் துண்டை வெட்டி நீக்குவது ஹெக்சோசாமினிடேஸ் ஏ என்னும் நொதி. இந்நொதி நோயுற்ற குழந்தைகளில் இல்லை என்பதை 1969 இல் ஷின்டாரோ ஒகாடா, ஜான் ஓ'பிரையன் ஆகியோர் கண்டறிந்தனர்.

முதல் வெட்டு நிகழாததால் அடுத்த படிகள் எவையும் நிகழ்வதில்லை. ஜி.எம்.2 இன் அளவு இயல்பைவிட நூறு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. கேங்கிலியோசைடுகள் பிற உறுப்புகளைவிட நரம்பணுக்களின் சவ்வுகளிலேயே மிகுதி. அத்துடன், முதிர்ந்த நரம்பணு பிரிந்து பெருகுவதில்லை என்பதால் சேர்ந்த சுமையைப் புதிய உயிரணுக்களுக்குப் பகிர்ந்தளிக்கவும் வழியில்லை. எனவே குறைபாடு உடலெங்கும் இருந்தும் பேரழிவு மூளையிலேயே நிகழ்கிறது. உப்பிய நரம்பணுவில் நரம்பிழை தொடங்கும் இடம் தனியாகப் புடைத்து, அங்கிருந்து தேவையற்ற கிளைகளும் முளைக்கின்றன. இதனால் நரம்பணுக்களுக்கிடையேயான தொடர்புகள் குழம்புகின்றன. இறுதியில் அவை மடிய, அவ்விடத்தை நரம்பிடைத் தாங்கணுக்கள் நிரப்புகின்றன. நோய் முற்றிய குழந்தைகளின் தலை பெரிதாவது இதனால்தான்.

நொதியின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு 15 ஆம் நிறப்புரியில் உள்ளது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற படியைப் பெற்றால் மட்டுமே நோய் வரும். ஒரு படி மட்டும் பழுதானால் அவர் நலமுடன் வாழும் நோய்க்காவி. இருவரும் நோய்க்காவிகளாயின் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சாக்ஸ் கண்ட குடும்பத்தில் பெற்றோர் நலமாக இருந்தும் குழந்தைகள் நோயுற்றதற்கு விளக்கம் இதுவே. அஷ்கெனாசி யூதரில் ஏறத்தாழ 30 பேரில் ஒருவர் நோய்க்காவி. பொது மக்களில் இது சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவர். அஷ்கெனாசியரிடம் மிகுதியாகக் காணப்படும் பிறழ்வு, மரபணுவில் நான்கு எழுத்துகள் கூடுதலாகச் செருகப்பட்டிருப்பதாகும். இது 1988 இல் விவரிக்கப்பட்டது.

நொதியின் அளவைக் குருதியிலேயே அறியலாம் என்றானதும், மைக்கேல் காபாக் என்னும் மருத்துவர் 1971 இல் நோய்க்காவிகளைக் கண்டறியும் முதல் பெருந்திரள் பரிசோதனையைத் தொடங்கினார். அது நடந்தது சாக்ஸ் பிறந்த பால்டிமோரிலும் அண்டை நகரான வாஷிங்டனிலும் ஆகும். யூத சமயத் தலைவர்களும் மருத்துவர்களும் இணைந்து நடத்திய இத்தகைய திட்டங்களால் அமெரிக்க, கனடிய யூதரிடையே இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 90 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. 1983 இல் தொடங்கப்பட்ட டோர் யெஷோரிம் அமைப்பு, மரபுவழிச் சமயக் குடும்பங்களில் திருமணப் பேச்சு நடக்கும்போதே இருவரின் பொருத்தத்தை, யார் நோய்க்காவி என்பதை வெளியிடாமல், தெரிவிக்கிறது.

நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. சரியான மரபணுவைத் தீங்கற்ற வைரசின் வழியாக மூளைக்குச் செலுத்தும் முறை முதலில் விலங்குகளிலும், பின்னர் இரண்டு குழந்தைகளிலும் முயலப்பட்டது. அக்குழந்தைகள் பற்றிய முடிவுகள் 2022 இல் வெளியாயின. சிகிச்சையைத் தாங்க முடிந்தது, நொதியின் அளவும் சற்று உயர்ந்தது. ஆனால் நோய் முற்றிலும் நிற்கவில்லை.